ஃபிளைவீல் நிற்கும் வரை

ஐந்து மணிக்கு மணி அடித்தால் எங்கள் ஃபேக்டரி இரண்டே நிமிடத்தில் காலியாகிவிடும். ஒருவர் மட்டும் வெளியே வரமாட்டார். கேம்ப் பஸ்ஸுக்குள் நாற்பது பேர் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் ஹார்னில் கையை வைத்துக்கொண்டு யல்லா, யல்லா என்று ஜன்னல் வழியாகக் கத்துவார். உள்ளே தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். மோட்டாரை அணைத்தாயிற்று. ஆனால் அதன் ஆளுயரச் சக்கரம், ஃபிளைவீல், சுற்றிக்கொண்டே இருக்கும். அது வேகம் குறைந்து, தயங்கி, கடைசியில் லேசாகப் பின்னுக்கு அசைந்து நிற்க ஆறேழு நிமிடம் பிடிக்கும். நின்ற பிறகுதான் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, கயிற்றால் கட்டிவிட்டு வருவார்.

பஸ்ஸில் ஏறும்போது யாராவது கேலியாக, "பாய், நின்னுச்சா?" என்பார்கள். அவர் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "நின்னுருச்சு" என்பார். அப்புறம் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நின்னுச்சா பாய். சொந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கீழக்கரைப் பக்கத்துக்காரர், எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர் என்பது போதும்.

நான் அங்கே புரொடக்‌ஷன் பிளானிங். ஏசி டக்ட்டுகளைத் தாங்கும் இரும்புப் பட்டைகளும் கிளிப்புகளும்தான் எங்கள் சரக்கு. எத்தனை அடிக்க வேண்டும், எந்த மெஷினில் யார் உட்கார வேண்டும் என்று தாள் போடுவது என் வேலை. தனி ஆள் வைக்க மனமில்லாததால் சேஃப்டி காகிதங்களும் என் தலையில்தான். குடும்பத்தோடு ஷார்ஜா ரோலாவில் இருந்தேன், சொந்தக் கார். பஸ் தாமதமானால் எனக்கென்ன என்று ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்.

ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டேன். மோட்டார்தான் ஆஃப் ஆகிவிட்டதே பாய், இன்னும் எதற்கு நிற்கிறீர்கள்?

"கரண்டத்தான சார் நிப்பாட்டுனோம். சக்கரத்த யாரு நிப்பாட்டுனா? அதுக்குள்ள இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு. தரை கூட்டுறவன் தெரியாம பெடல்ல கால வச்சா, அந்த அடி அவன் கையில விழும்."

அந்த மெஷினின் கதை இதுதான். கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கிளட்ச் வேறு. இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, உராய்ந்து, சேர்ந்து சுற்றும். கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் பிடிக்கும், மீதி வழுக்கும். மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைக்கிறோமே, அந்த வழுக்கலில்தான் நிற்கிறோம். எங்கள் பழைய பிரஸ்ஸில் இருந்தது பல் கிளட்ச். சக்கரத்தோடு ஒட்டி ஒரு பல் வளையம், தண்டின் மேல் வழுக்கி நகர்கிற மாதிரி இன்னொரு பல் வளையம். இரண்டு கைவிரல்களையும் கோத்துக்கொள்வது போல இதன் பல் அதன் இடைவெளியில் விழும். பெடலை மிதித்தால் டக்கென்று ஒரு சத்தம், வளையங்கள் கோத்துக்கொள்ளும், தண்டு சக்கரத்தோடு ஒரு முழுச் சுற்று சுற்றும், பஞ்ச் கீழே இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே ஏறும். உச்சிக்கு வந்த பிறகுதான் ஒரு ஆப்பு வந்து பற்களைப் பிரித்துவிடும். நடுவில் வழுக்கல் கிடையாது, சூடு கிடையாது, சக்தி வீணாவது கிடையாது. நடுவில் நிறுத்தவும் முடியாது. காலை எடுத்தாலும், மோட்டாரை அணைத்தாலும், அப்பன் வந்து சொன்னாலும், அந்த ஒரு சுற்றை முடித்துவிட்டுத்தான் நிற்கும்.

அவரும் அப்படித்தான் இருந்தார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அதை முகத்தில் அடித்த மாதிரி பேசுவது என்பார்கள். கல்ஃப் வாழ்க்கையே ஹாஃப் கிளட்சில் ஓடுவது. அடுத்த வருசம் ஊரோடு போயிடலாம், பார்க்கலாம், சொல்லி வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ். கடைசியில் சொன்னதை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் தட்டிக் கழிக்கச் சொல்வோம். நான் தினம் பத்துத் தடவை சொல்வேன். அவருக்கு அது பொறுக்காது. ஐந்து வேளை தொழுகிற மனிதர் அவர். அவர் வாயில் இன்ஷா அல்லாஹ் வந்தால் அதற்கு முன்பே டிக்கெட் எடுத்திருப்பார் என்று அர்த்தம்.

ஒரு விடுமுறை நாள் ஆபீஸ் ஆட்கள் பாயையும் கூட்டிக்கொண்டு பிக்கப்பில் பாலைவனத்து ஓரம் பிக்னிக் போனோம். சாலையை விட்டு இறங்கியதும் வண்டி மணலில் புதைந்தது. ஓட்டிய ஸ்டோர்கீப்பர் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே நாலு சக்கரமும் இழுக்கிற அந்தச் சின்ன லீவரைத் தள்ளினார். கரகரவென்று பல் கூசும் சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த பாய் கூரையில் தட்டினார். சக்கரம் சுற்றும்போது பல் உட்காராது, உடைந்துதான் போகும், முதலில் நிறுத்து என்றார். நின்றதும் நியூட்ரலில் போட்டு லீவரைத் தள்ளச் சொன்னார். விழவில்லை. பல்லுக்கு நேரே பல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்று, எங்களை இறங்கச் சொல்லி வண்டியை ஒரு நூலளவு அசைக்க வைத்தார். டக். வண்டி எருமை மாதிரி நிதானமாக எழுந்து வந்தது. இளம் வயதில் ஷார்ஜா கடற்கழியில் மரக்கலங்களில் வேலை பார்த்தவராம். நங்கூரம் தூக்குகிற வின்ச்சிலும் இதே பல்தான், பைக் கியர்பாக்ஸுக்குள்ளும் இதே பல்தான் என்றார். பிரியாணி ஆறிவிட்டது என்று நான் சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அவர் மேல் எனக்கு முதலில் வந்தது பிரியம் இல்லை, ஒரு மாதிரிப் பயம். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மகள் ஊரிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்து பெஞ்சில் நான். பெருநாளைக்கு வருவீங்களா வாப்பா என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. "வரலம்மா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அழுகை. இவர் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபோனை வைக்கவும் இல்லை. காதோடு பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்தது. மணி அடிக்கிற நேரத்துக்கு, "சரி, போய் மூஞ்சி கழுவு" என்று சொல்லிவிட்டு வைத்தார். என்ன மனுஷன், பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும் என்று அறைத் தோழர்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

"பாக்குறேன்னு சொன்னா ரெண்டு மாசம் வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். "இப்ப அழுதா, நின்னுச்சு."

அந்த வருடம் அவர் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காரணம் நானே.

அந்த ஃபோனுக்குச் சில மாதம் முன்பு, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பாதுகாப்பு ஆடிட் அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. எங்களிடம் இருந்த புது பிரஸ்களில் மஞ்சள் கம்பங்கள் இரண்டு உண்டு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனால் மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். அவற்றின் கிளட்ச் உராய்வுக் கிளட்ச், பிரேக்கும் உண்டு, அதனால் நிற்கும். பழைய பிரஸ்ஸில் கம்பம் இல்லையே என்று மேனேஜர் கவலைப்பட்டார். நான்தான் யோசனை சொன்னேன். ஒரு ஜோடி வாங்கி இதிலும் மாட்டிவிட்டால் போயிற்று. மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவர் என்னையும் மேனேஜரையும் கூப்பிட்டார். டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து ஒரு குச்சியின் முனையில் குத்தினார். பெடலை மிதித்தார். டக்கென்ற சத்தம் கேட்டதும் குச்சியை ஒளித்திரைக்குள் நீட்டினார். விளக்கு சிவப்பானது. சைரன் கத்தியது. பஞ்ச் இறங்கி வெள்ளரிக்காயைத் தகட்டோடு தகடாக்கிவிட்டு, முழுச் சுற்றையும் முடித்து, மேலே போய் நின்றது.

"சிவப்பு லைட்டு எரிஞ்சதுல்ல? ஆளுக எல்லாம் இதப் பாத்துட்டு நிக்கும்னு நம்பிக் கைய விடுவாங்க. முன்னாடியாச்சும் பயம் இருந்துச்சு சார். கழட்டிருங்க."

மேனேஜர் சிரித்து, இது வெள்ளரிக்காய் பாய், கையை யாராவது வேண்டுமென்றே விடுவார்களா என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் என்னைப் பார்த்தார். நான், "பாக்கறேன் பாய்" என்றேன். அந்த வாரமே ஆடிட் படிவத்தில், பாதுகாப்புச் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதா என்ற கேள்விக்கு நேரே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. பொருத்தித்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர் அந்த மெஷினில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. காய்ச்சலிலும் அவர்தான். தகட்டைக் கையால் வைக்காமல் நீளக் குறடால் வைப்பார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரண்டு கைகளையும் தன் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்துவிட்டுத்தான் மிதிப்பார். லீவு வந்தது, எழுதிக் கொடுத்துத் தள்ளிப் போட்டார். மறுபடி வந்தது, தள்ளிப் போட்டார். ஓவர்டைம் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

பிறகு அந்த மகளுக்கே நிக்காஹ் நிச்சயமானது. இதற்குப் போகாமல் முடியாது. லீவுத் தாளோடு என் மேசைக்கு வந்தார். நான் தேதிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தாளை எடுத்துக்கொள்ளாமல் நின்றார்.

"நான் வர்ற வரைக்கும் யாரும் அதுல உக்காரக் கூடாது."

"பாத்துக்கறேன் பாய்."

"பாத்துக்கறேன்னு வேணாம் சார். உக்கார விட மாட்டேன்னு சொல்லுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு ஆபரேட்டர் என்னிடம் வாக்குமூலம் வாங்குவதா என்று இருந்தது. ஆனாலும் அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. "உக்கார விட மாட்டேன்" என்றேன். தலையை அசைத்துவிட்டு, போகும்போது பெடலில் கட்டையைச் செருகி மரக்கலக்காரர்கள் போடுகிற ஒரு முடிச்சைப் போட்டுக் கட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அந்தப் பட்டையை வெட்டும் அச்சு, டை, பழைய பிரஸ்ஸில்தான் பொருந்தும். மேனேஜர் யாரையாவது உட்கார வை என்றார். பாய் வரட்டுமே சார் என்று இழுத்தேன். அவர் வரும் வரைக்கும் கஸ்டமர் காத்திருப்பாரா என்றார். இரண்டு முறை இழுத்தேன், மூன்றாவது முறை தாளில் ஒரு பெயரை எழுதினேன். வெல்டிங் செக்‌ஷனில் இருந்த ஒரு நேபாளத்துக்காரர்; இரண்டு பிள்ளைகள் ஊரில். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கத்தியால் அறுத்தோம்.

பத்தொன்பது நாள் அவர் ஓட்டினார். மணிக்கொரு தரம் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு இறங்கிப் போய் அவர் கைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மனைவி சாப்பாடு போடும்போதுகூட அந்த டக் சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆர்டர் போயிற்று. பத்து விரல்களும் இருந்தன. புதுக் கயிறு வாங்கி நானே பெடலைக் கட்டினேன்.

பாய் வந்த அன்று காலை, மருதாணிச் சிவப்பு மாறாத ஒரு விரலோடு, ஊர் இனிப்பான தொதல் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். கல்யாணம் நன்றாக நடந்ததாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"யாராச்சும் உக்காந்தாங்களா சார்?"

"இல்ல பாய்."

ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு வீண் வருத்தம் என்றுதான் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் ஏற்கெனவே மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முடிச்சு மாறியிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மோட்டாரை அணைத்தார். வழக்கம்போல நின்றார். சக்கரம் நின்றது. கேம்ப் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்தபோது கையில் வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு பொருள். மேசை மேல் வைத்தார். மேசை லேசாக அதிர்ந்தது. தண்டின் மேல் நகர்கிற அந்தப் பல் வளையம். ஒரு பல்லின் முனை மழுங்கியிருந்தது. பக்கத்தில் வேலையை விட்டுப் போவதாக எழுதிய கடிதம்.

"நான் உக்காந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் சார். யோசிச்சுப் பாத்தா, நான் ஒழுங்கா ஓட்டுனதுனாலதான் இந்த மெஷின இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க."

வளையத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். மேனேஜர் கேட்டா, குடுக்கணும்னா குடுங்க. ஆனா உங்க கையால குடுங்க."

கோபம் இல்லை, குத்தல் இல்லை. தொதலைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் விசா கேன்சலாகி ஊருக்கும் போய்விட்டார்.

அந்த இரும்பு என் மேசைக்கு அடியில், கால் படும் இடத்தில் கிடந்தது. பழைய மாடல், எங்கேயும் ஸ்பேர் கிடையாது. பாய் எங்கே வைத்தார் என்று மேனேஜர் கேட்டபோது தேடுகிறேன் சார் என்றேன். அடுத்த வாரமும் தேடுகிறேன் என்றேன். என் ஹாஃப் கிளட்ச் புத்தி முதன்முதலாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறது என்று சிரிப்புகூட வந்தது. மூன்றாவது வாரம் அவர் ஒரு லேத் பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடைந்த துண்டு கிடைத்தால்கூடப் போதும், அளவெடுத்துப் புதிதாக வெட்டித் தருவாராம். நிஜமாகவே உனக்குத் தெரியாதா என்று மேனேஜர் கேட்டார். பாக்கறேன் சார் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காலுக்கடியில் அது இருந்தது.

"என்கிட்டதான் சார் இருக்கு. தர மாட்டேன்."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. ஆடிட் படிவத்தில் நான் போட்ட டிக்கையும் நானே சொல்லி, அதைத் திருத்தி எழுதித் தருவதாகவும் சொன்னேன். வீரமெல்லாம் இல்லை. பேசி முடித்ததும் அசதியாக இருந்தது, அவ்வளவுதான். பழைய பிரஸ்ஸை ஸ்கிராப்காரன் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். என்னை சவூதியில், ஜுபைலில் இருக்கிற எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கே குடும்ப விசா கிடையாது. பிள்ளையின் படிப்புக்காக மனைவி தன் வேலை விசாவில் ரோலா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவள் ஒன்றுதான் கேட்டாள்: ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்திருந்தால் என்ன?

இப்போது நான் கேம்ப்வாசி. ஐந்து மணிக்குப் பஸ் ஏறுகிறேன். யல்லா யல்லா என்று கத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன். நான்கு பேர் அறை. இரும்பு வளையம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கிறது. பாயிடம் ஒருமுறை ஃபோனில் சொன்னேன். மூன்று வாரம் லேட் என்றார். அப்புறம், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

போன மாதம் மகன் கூப்பிட்டான். மதிய இடைவேளை. அவன் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி.

"அப்பா, ஈத் ஹாலிடேஸ்க்கு வர்றீங்களா? எஸ் ஆர் நோ?"

பாக்கறேன்டா கண்ணா என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். லீவு கிடைக்காது என்று எனக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது.

"வரலப்பா."

அழ ஆரம்பித்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, வெட்கப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். என்னென்னவோ சொல்லத் தோன்றியது. மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். ஃபோர்மேன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஃபோனைக் காதோடு பிடித்துக்கொண்டு, அவன் அழுகை நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.